நகர மையத்தில் அலுவலகம் வாடகைக்கு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் பெற்ற மையப் பகுதியில் முதல் முறையாக அலுவலகம் தேடும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சட்டம் பற்றிப் பேசும் இடங்களில் அது எந்த ஊர்ச் சட்டம் என்பதையும் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

மையப் பகுதிக்கு இவ்வளவு வாடகை கொடுக்கத்தான் வேண்டுமா?

உங்கள் அலுவலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கடந்த சில மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே பாதி பதில் கிடைத்துவிடும். வாடிக்கையாளர், முதலீட்டாளர், எதிர்த்தரப்பு வக்கீல் என்று வெளியாட்கள் வந்துகொண்டே இருக்கும் தொழிலுக்கு மையப் பகுதி பொருந்தும். லண்டனில் முதலீட்டு நிதி நிறுவனங்கள் மேஃபேரிலும் செயின்ட் ஜேம்ஸிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கும், ஹாங்காங்கில் வங்கிகள் சென்ட்ரல் பகுதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் வெறும் பெருமை இல்லை. பணம் கொடுப்பவர், வாங்குபவர், பத்திரம் எழுதுபவர் எல்லாரும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

யாருமே வராத தொழில் என்றால் நீங்கள் வாங்குவது கடிதத்தாளில் அச்சாகும் ஒரு வரி முகவரியைத்தான். அதற்கு மலிவான வழிகள் உண்டு, கீழே வருகிறது.

இன்னொரு காரணம் உண்டு. என்னைக் கேட்டால் முகவரியை விட அதற்குத்தான் எடை அதிகம். ரயில் தடங்கள் எல்லாம் வந்து சேரும் இடம் மையம். ஊரின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வர முடியும். வடக்கு ஓரத்தில் அலுவலகம் போட்டால் தெற்கில் குடியிருக்கும் நல்ல ஆள் நேர்காணலுக்கே வரமாட்டார்.

வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். பெரிய இடம் எதற்கு?

வேண்டாம். பெரிய நிறுவனங்களே இப்போது சின்னதாக, ஆனால் நல்ல இடமாகப் பார்க்கின்றன. எச்எஸ்பிசி வங்கி லண்டன் கேனரி வார்ஃபில் உள்ள தன் தலைமையகக் கோபுரத்தை விட்டு, செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு அருகே அதைவிட மிகச் சிறிய கட்டடத்துக்குப் போவதாக 2023-இல் அறிவித்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாரும் செவ்வாய், புதன் என்று ஒரே நாட்களில் வந்தால் பாதி இடம் போதாது. சராசரியைப் பார்க்காமல், அதிகம் பேர் வரும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

மேசை, நடக்கும் வழி, கூட்ட அறையில் ஒரு பங்கு, சமையல் மூலை எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சுமார் 10 சதுர மீட்டர், அதாவது 100 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால் தவறாது. தனித்தனி அறை கேட்கும் வக்கீல் அலுவலகத்துக்கு இன்னும் வேண்டும். தொலைபேசிச் சேவை மையத்துக்குக் குறையும். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பு விதிகளின் நடைமுறைக் கையேடு ஆளுக்கு 11 கன மீட்டர் என்று ஒரு கீழ்வரம்பு சொல்கிறது. 3 மீட்டருக்கு மேலுள்ள உயரம் கணக்கில் சேராது. தாழ்வான கூரை உள்ள அறையில் 11 கன மீட்டருக்குச் சுமார் 4.6 சதுர மீட்டர் வரும். அது சட்டம் சொல்லும் அடித்தளம். அவ்வளவு நெருக்கமாக யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

1,300 சதுர அடிக்கு வாடகை கட்டுகிறோம். உள்ளே அளந்தால் 1,000 தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, அளக்கும் முறைதான் அப்படி. லிஃப்ட் முன்கூடம், நடைபாதை, கழிப்பறை, கீழே பளிங்கு போட்ட வரவேற்புக் கூடம் எல்லாவற்றிலும் ஒரு பங்கை உங்கள் தலையில் போடுகிறார்கள். கார்ப்பெட் ஏரியா என்றால் உங்கள் சுவருக்குள் இருக்கும் தரை. சூப்பர் பில்ட்-அப் என்றால் பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது. வாடகைப் பேச்சு எப்போதும் பெரிய எண்ணில்தான் நடக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதே வித்தியாசத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பது. உள்ளே 1,000, வாடகைக்கு 1,300 என்றால், 1,000-இன் மேல் 30 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். அதையே 1,300-இல் 300 போகிறது என்று சொன்னால் 23 சதவீதம்தான். ஒரு கட்டடக்காரர் 30 என்கிறார், அடுத்தவர் 23 என்கிறார். இரண்டும் ஒன்றுதான். நியூயார்க்கில் இரண்டாவது கணக்கு பழக்கம். ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள், உள்பரப்பைக் கேளுங்கள். மொத்த ஆண்டுச் செலவை அந்த உள்பரப்பால் வகுங்கள். கட்டடங்களை ஒப்பிட அந்த ஒரு எண்தான் உதவும். மேலே சொன்ன இடத்தின் வாடகை சதுர அடிக்கு 100 என்றால், நீங்கள் உண்மையில் உட்காரும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 130 கொடுக்கிறீர்கள்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. அமெரிக்கக் கட்டட உரிமையாளர் சங்கமான போமா தன் முதல் அளவீட்டுத் தரத்தை 1915-இலேயே வெளியிட்டது. பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ஐபிஎம்எஸ் என்ற உலகப் பொதுத் தரம் அலுவலகங்களுக்கு 2014-இல் வந்தது. எந்த முறையில் அளந்தார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்கள் ஆளை டேப்போடு அனுப்புங்கள்.

வாடகை போக வேறு என்னென்ன வரும்?

பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, கட்டடக் காப்பீடு, மின்சாரம், பார்க்கிங். இதில் எதெல்லாம் வாடகைக்குள் அடக்கம், எதெல்லாம் வெளியே என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் டிரிபிள் நெட் என்றால் வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைதாரர் தலையில். லண்டன் ஒப்பந்தங்களில் பழுது, காப்பீடு முழுவதும் வாடகைதாரருடையது என்பது பழைய வழக்கம். மன்ஹாட்டனில் 96-வது தெருவுக்குத் தெற்கே, ஆண்டு வாடகை 2,50,000 டாலரைத் தொட்டால் வாடகைக்கு என்றே ஒரு நகர வரி உண்டு. அதன் நிகர விகிதம் 3.9 சதவீதம். மையத்தில் இருப்பதற்கே ஒரு வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்புக் கட்டணத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏறாது என்று உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். லிஃப்ட் முழுவதையும் மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகள் அந்தக் கட்டணத்துக்குள் நுழையக் கூடாது என்றும் எழுதிவையுங்கள். மூன்று ஆண்டு இருக்கப்போகிற நீங்கள் இருபது ஆண்டு ஓடப்போகிற லிஃப்ட்டுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

வாடகையைக் குறைக்க மாட்டேன், ஆறு மாதம் இலவசமாகத் தருகிறேன் என்கிறார் உரிமையாளர். ஏன் அப்படி?

கட்டடத்தின் மதிப்பை அதன் ஆண்டு வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். 5 சதவீத வருவாய் எதிர்பார்க்கும் சந்தையில், ஆண்டு வாடகையில் 1 குறைந்தால் கட்டட மதிப்பில் 20 குறையும். வங்கிக் கடனும் அந்த மதிப்பின் மேல்தான் நிற்கிறது. அதனால் காகிதத்தில் வாடகை உயரமாகவே தெரிய வேண்டும், சலுகையை வேறு வழியில் கொடுப்போம் என்பது அவர் கணக்கு. இது தெரிந்தால் பேரம் எளிது: வாடகையில் முட்டிக்கொள்ளாமல் இலவச மாதங்கள், தடுப்பு, தச்சு போன்ற உள்வேலைச் செலவில் ஒரு பங்கு, கூடுதல் பார்க்கிங் என்று கேளுங்கள். கை தாராளமாகத் திறக்கும்.

உங்கள் பக்கக் கணக்கு: 60 மாத ஒப்பந்தத்தில் 6 மாதம் இலவசம் என்றால் 54 மாதம்தான் கட்டுகிறீர்கள், 10 சதவீதத் தள்ளுபடி. தொடக்கத்தில் பணம் நெருக்கடி என்றால் இது நல்லதுதான். ஆனால் நீண்ட நாள் இருப்பதாக இருந்தால் வாடகையையே குறைப்பது மேல், ஏனென்றால் ஆண்டு உயர்வு எல்லாம் காகிதத்தில் உள்ள அந்தப் பெரிய எண்ணின் மேல்தான் ஏறும்.

ஆண்டுக்கு 5 சதவீத உயர்வா, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதமா? இரண்டும் ஒன்றுதானே?

நான்காம் ஆண்டு வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான்: 100-இல் தொடங்கினால் ஒன்றில் 115.76, இன்னொன்றில் 115. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் முதல் முறையில் 315.25 கட்டியிருப்பீர்கள், இரண்டாவதில் 300. மூன்றாண்டு முறை உங்களுக்கு லாபம். விலைவாசிக் குறியீட்டோடு இணைத்த உயர்வு என்றால் உச்சவரம்பு இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சந்தை வாடகைக்கு மறுபார்வை என்று எழுதியிருந்தால், இறங்கவும் வழி உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் மேல்நோக்கி மட்டுமே போகும் மறுபார்வை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்திருக்கிறது.

எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடலாம்? நடுவில் காலி செய்ய முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி, ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள். வாடகையில் சதுர அடிக்குச் சில்லறை குறைக்க ஒரு மாதம் பேசுகிறவர்கள், வெளியேறும் பிரிவை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். தொழில் வளர்ந்தாலும் சுருங்கினாலும் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பிரிவுதான்.

பிரான்சில் வணிகக் குத்தகை குறைந்தது 9 ஆண்டு. ஒவ்வொரு மூன்றாண்டு முடிவிலும், ஆறு மாத அறிவிப்போடு, வாடகைதாரர் வெளியேறலாம். ஆனால் அலுவலகமாக மட்டுமே பயன்படும் இடத்துக்கு இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுத முடியும். பாரீஸில் இடம் பார்ப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வரி இது. வேறு பல ஊர்களில் லாக்-இன் காலம் என்று எழுதுவார்கள், அதாவது அது முடியும்வரை ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. அது இரு தரப்பையும் கட்டுகிறதா, உங்களை மட்டுமா என்று பாருங்கள்.

வெளியேறும் உரிமை இருந்தால் மட்டும் போதாது, அதன் நிபந்தனைகளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் லண்டன் பேடிங்டனில் ஓர் அலுவலகத்தை 2012 ஜனவரி 24 அன்று காலி செய்தது. அதற்கு முன்பே, மார்ச் 24 வரைக்குமான காலாண்டு வாடகையைக் கட்டியிருந்தது. மிச்ச இரண்டு மாத வாடகையைத் திருப்பிக் கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இல் தோற்றது. ஒப்பந்தத்தில் திருப்பித் தருவதாக எழுதவில்லை, எழுதாததை நாங்கள் சேர்க்க மாட்டோம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு. வாடகைதாரர் அறிவிப்புக் கொடுத்தார், ஆட்களைக் காலி செய்தார், ஆனால் தான் போட்ட தடுப்புச் சுவர்களை அப்படியே விட்டுவிட்டார். இடம் காலியாக ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே குத்தகை முடியவில்லை என்று தீர்ப்பு வந்தது.

இதிலிருந்து மூன்று வேலை. மீதி வாடகை திரும்ப வரும் என்று எழுதுங்கள். நிபந்தனையாக, வாடகை பாக்கி இல்லாமல் இருப்பது ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு எந்த முகவரிக்கு, எந்த வழியில், எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதை முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

குத்தகை முடிந்த பிறகும் அதே இடத்தில் தொடர உரிமை உண்டா?

எழுதாவிட்டால் பல ஊர்களில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக வாடகைதாரருக்குப் புதுப்பிக்கும் உரிமை தருகிறது, ஆனால் அதை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வைக்கும் ஒப்பந்தங்கள் சாதாரணம். உள்வேலைக்குப் பெரும்பணம் போடப் போகிறீர்கள் என்றால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு? இயக்குநரின் தனிப்பட்ட ஜாமீன் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

அட்வான்ஸ் ஊர் வழக்கம். டோக்கியோவில் பெரிய கட்டடங்கள் அரை ஆண்டிலிருந்து ஓர் ஆண்டு வாடகை வரை கேட்கும். ரொக்கத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதம் ஏற்பார்களா, இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டினால் பாதியைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தனிப்பட்ட ஜாமீன் வேறு விஷயம். நிறுவனம் மூழ்கினால் உங்கள் வீடு வரை வருவார்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் நியூயார்க்கில் உள்ள ஒரு வழக்கத்தைப் பின்பற்றலாம்: உரிய அறிவிப்புக் கொடுத்து, சாவியை ஒப்படைத்து, அந்த நாள் வரை வாடகையைக் கட்டிவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு அதோடு முடிகிறது. ‘குட் கை’ ஜாமீன் என்று அதற்குப் பெயர்.

உள்வேலை செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வாடகை தொடங்கும் நாளும் சாவி கிடைக்கும் நாளும் ஒன்றாக இருந்தால் தச்சர் வேலை செய்யும் மாதங்களுக்கும் வாடகை கட்டுவீர்கள். மையப் பகுதிக் கட்டடங்களில் சத்தம் வரும் வேலையை இரவிலும் விடுமுறையிலும்தான் செய்ய விடுவார்கள், அதனால் நாட்கள் இழுக்கும். இதையும் பேரத்தில் சேருங்கள்.

அப்புறம், போகும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். டோக்கியோவில் அந்த வேலையைக் கட்டட உரிமையாளர் சொல்லும் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்பது பரவலான வழக்கம். விலை அவர் சொல்வதுதான். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். முன்னால் இருந்தவர் கிழித்துவிட்டுப் போன தரைவிரிப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

இடத்தைப் பார்க்கப் போகும்போது என்னென்ன சோதிக்கலாம்?

தரகர் மதியம் மூன்று மணிக்குக் கூட்டிப்போவார். நீங்கள் இன்னொரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தனியாகப் போய் லிஃப்ட் வரிசையில் நில்லுங்கள். உள்ளறையில் கைப்பேசி சிக்னல் பாருங்கள். இணையத்துக்கு இரண்டு நிறுவனங்கள் தனித்தனிப் பாதையில் கேபிள் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். மத்திய ஏசி எத்தனை மணிக்கு நிற்கும் என்பது மிக முக்கியம். பல கட்டடங்களில் மாலையிலும் வார இறுதியிலும் அது ஓடாது. ஓட்டச் சொன்னால் மணிக்கணக்கில் தனிக் கட்டணம், அதுவும் பத்துப் பேர் இருந்தாலும் முழுத் தளத்துக்கு. இரவு வேலை உள்ள நிறுவனத்துக்கு இது வாடகையையே மாற்றிவிடும்.

கீழ்க் கூடத்தில் உங்கள் பெயர்ப்பலகை வருமா என்றும் கேளுங்கள். சிரிக்க வேண்டாம். முகவரிக்காகவே இவ்வளவு கொடுத்துவிட்டு, பெயர் போட இடமில்லாமல் வந்தவரைக் காவலாளி திருப்பி அனுப்புவது நடக்கிறது.

பழைய பாரம்பரியக் கட்டடம் அழகாக இருக்கிறது. எடுக்கலாமா?

அழகுதான். ஆனால் சுவரில் ஓட்டை போடவே அனுமதி தேவைப்படலாம், மின்சாரத் தாங்குதிறன் குறைவாக இருக்கும். ஆற்றல் சான்றிதழையும் பாருங்கள்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஏப்ரல் 1 முதல், விலக்குப் பெற்றவை தவிர, ‘ஈ’ தரத்துக்குக் கீழே உள்ள வணிகக் கட்டடத்தை வாடகைக்கு விடக் கூடாது.

குத்தகைக்குப் பதில் சர்வீஸ்டு ஆபீஸ் எடுத்தால்?

பத்துப் பேருக்குள் இருந்து, ஓர் ஆண்டுக்கு மேல் எதுவும் நிச்சயமில்லை என்றால் அதுதான் சரி. இந்தத் தொழிலில் உள்ள ரீஜஸ் நிறுவனம் 1989-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய காலத்திலிருந்தே விற்பது இதைத்தான்: மேசை, இணையம், வரவேற்பாளர் எல்லாம் ஒரே பில்லில். சதுர அடிக்குப் பார்த்தால் விலை கூட, ஆனால் உள்வேலைச் செலவும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் குத்தகை அல்ல, இருந்துகொள்ள ஓர் அனுமதி. இடத்தை நடத்துபவர் விழுந்தால் உங்கள் நாற்காலியும் ஆடும். இப்படி இடம் நடத்தும் வீவர்க் நிறுவனம் 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியபோது பல கட்டடங்களின் குத்தகையைக் கைவிட்டது.

முகவரி மட்டும் போதும் என்றால்?

விர்ச்சுவல் ஆபீஸ் கிடைக்கும். கடிதம் வாங்கி அனுப்புவார்கள், கூட்ட அறை மணிக்கணக்கில் தருவார்கள். வங்கிக் கணக்கு தொடங்கும்போது நேரில் வந்து பார்ப்பார்களா என்று முன்பே விசாரியுங்கள். விதிகளும் இறுகிவருகின்றன: பிரிட்டனில் 2024 மார்ச் முதல் அஞ்சல் பெட்டி எண்ணை நிறுவனத்தின் பதிவு முகவரியாகக் காட்ட முடியாது, அனுப்பும் கடிதம் உரியவர் கைக்குச் சேரும் முகவரியாக அது இருக்க வேண்டும்.

வாடகை என்பது செலவுதானே, கணக்காளர் ஏன் கடன் என்கிறார்?

ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் தரம் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதைப் பின்பற்றும் நிறுவனம் 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை இருப்புநிலைக் குறிப்பில் கடனாகக் காட்ட வேண்டும். வங்கிக் கடன் நிபந்தனைகள் உங்களுக்கு இருந்தால் நீண்ட குத்தகைக்கு முன் கணக்காளரிடம் பேசுங்கள்.

தரகர் யார் பக்கம்?

அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்களோ அவர் பக்கம். கட்டடத்தில் பலகை மாட்டியிருப்பவர் உரிமையாளரின் ஆள். உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொண்டால், அவருடைய கூலி வாடகை கூடக் கூட ஏறும்படி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் நிலையான தொகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் முன்பே தேடத் தொடங்க வேண்டும்?

இப்போதைய குத்தகை முடிய ஓர் ஆண்டு இருக்கும்போது. பேச்சு, வக்கீல், அனுமதி, உள்வேலை, இணைய இணைப்பு எல்லாம் ஒவ்வொன்றும் சொன்ன நாளைத் தாண்டும். இணைய இணைப்புக்குத் தெருவைத் தோண்ட வேண்டியிருந்தால் அதற்கே மாதக்கணக்கு ஆகலாம், அந்த விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போட்ட அன்றே கொடுங்கள். இரண்டாவதாக ஓர் இடத்தைக் கடைசி வரை பேச்சில் வைத்திருங்கள். வேறு வழியில்லை என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்த நாளிலிருந்து எந்தப் பிரிவும் உங்களுக்குச் சாதகமாக மாறாது.